வருகைப் பதிவேடும் வெறுமையும்

1

நமது புதுக்கவிதையும் அதை ஒட்டி வளர்ந்த சிறுகதையும் 'வெறுமை', 'சலிப்பு', 'அந்நியமாதல்' என்ற சொற்களை அரை நூற்றாண்டுக்கு மேலாகப் புழங்கி வருகின்றன. நம் விமர்சனமும் இச்சொற்களை மனிதனின் பொது விதியாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறது. கவிதையில் ஒருவன் ஜன்னலருகே நின்று தெருவைப் பார்க்கிறான்; எதிலும் ஒட்ட முடியவில்லை என்கிறான். உடனே நாம் இருத்தலியம் என்று எழுதிவிடுகிறோம். அந்த ஜன்னல் வீட்டு ஜன்னலா, ஆபீஸ் ஜன்னலா என்று கேட்பதில்லை. அவன் எந்த மேஜையிலிருந்து எழுந்து அங்கே போய் நின்றான், எத்தனை நிமிஷம் நிற்க அவனுக்கு அனுமதி உண்டு என்றும் கேட்பதில்லை.

கேட்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். மனிதன் விழித்திருக்கும் நேரத்தில் பெரும் பகுதி வேலையிடத்தில் கழிகிறது. அங்கே அவனுக்கு நேர்வது அவனுடைய கோபத்தை, பணிவை, பேச்சின் வேகத்தை, வீட்டில் குழந்தையைத் தொடும் விதத்தைக்கூட வடிவமைக்கிறது. இது சமூகவியல்காரனின் விஷயம், இலக்கியத்துக்கு வெளியே உள்ள விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது. உணர்ச்சியைப் பற்றித்தான் எழுதுகிறோம் என்றால், உணர்ச்சி உற்பத்தியாகும் இடத்தைப் பற்றி எழுதாமல் இருப்பது எப்படி?

காம்யுவை நாம் நிறையப் படித்திருக்கிறோம். 1942-ல் வந்த 'சிஸிஃபஸின் தொன்மம்' நூலில் அபத்தம் எங்கிருந்து கிளம்புகிறது என்று அவர் காட்டும் இடம் முக்கியமானது. விழிப்பு, டிராம், ஆபீஸிலோ ஆலையிலோ சில மணி நேரம், சாப்பாடு, மறுபடி டிராம், மறுபடி வேலை, தூக்கம். வாரத்தின் ஒவ்வொரு நாளும் இதே வரிசை. ஒரு நாள் 'ஏன்' என்ற கேள்வி எழுகிறது. அதாவது, அவரிடம் அபத்தம் ஒரு கால அட்டவணையிலிருந்து பிறக்கிறது. நாம் அபத்தத்தை இறக்குமதி செய்தோம். கால அட்டவணையைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டோம்.

2

வேலை மனிதனைச் செய்வதை எழுதியவர்கள் மூவரை முதலில் பார்க்கலாம். மூவரும் குமாஸ்தாக்களைப் பற்றி எழுதியவர்கள். மூவருக்கும் சம்பள உத்தியோகம் தெரியும்.

கோகோலின் 'மேல்கோட்டு' 1842-ல் வெளிவந்தது. அகாகி அகாகியெவிச் நகல் எடுக்கும் எழுத்தன். அவன் பரிதாபத்துக்குரியவன் என்பதுதான் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. ஆனால் கதையில் வேறொரு சின்ன விஷயம் உண்டு. நல்ல மனம் படைத்த மேலதிகாரி ஒருவர் அவனுக்குக் கொஞ்சம் உயர்ந்த வேலை கொடுக்கிறார்: ஒரு கடிதத்தில் தலைப்பை மாற்றி, வினைச்சொற்களைத் தன்மையிலிருந்து படர்க்கைக்கு மாற்ற வேண்டும். அவனால் முடியவில்லை. வியர்த்துக் கொட்டுகிறது. நகல் எடுக்கவே விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறான். பல வருஷ நகல் வேலை அவனிடமிருந்து பிடுங்கிக்கொண்டது நேரத்தை மட்டுமல்ல, 'நான்' என்பதை இடம் மாற்றிப் பார்க்கும் சக்தியையே பிடுங்கிக்கொண்டது. அவனுக்கோ அதில் துக்கமில்லை, எழுத்துகளை நேசிக்கிறான். வேலை ஒருவனைக் குறுக்குவதும் அந்தக் குறுகலுக்குள்ளேயே அவனுக்கு ஒரு சந்தோஷத்தைக் கொடுப்பதும் ஒரே சமயத்தில் நடப்பதை கோகோல் பார்த்துவிட்டார்.

அதே கதையில் 'முக்கியப் புள்ளி' ஒருவர் வருகிறார். புதிதாக ஜெனரல் அந்தஸ்துக்கு உயர்ந்தவர். பதவி கைக்கு வருவதற்கு ஒரு வாரம் முன்பே கண்ணாடி முன் நின்று தன் அதட்டலைப் பழகிக்கொண்டவர். சம அந்தஸ்துக்காரர்களோடு இருக்கையில் நல்ல மனிதர்தான். கீழே உள்ளவன் எதிரில் வந்ததும் பழகிய குரல் தானாக வந்துவிடுகிறது. இந்தக் கண்ணாடியை நினைவில் வைத்துக்கொள்வோம். பின்னால் இது தேவைப்படும்.

மெல்வில்லின் 'பார்ட்டில்பி' 1853-ல் வந்தது. வால் ஸ்ட்ரீட்டில் ஒரு வக்கீல் ஆபீஸ். கதையைச் சொல்பவர் முதலாளியான வக்கீல். அவரிடம் ஏற்கனவே இரண்டு நகலெழுத்தர்கள். ஒருவன் மதியம் வரை சாது, மதியத்துக்குப் பிறகு முரடன். மற்றவன் காலையில் எரிச்சல்காரன், மதியத்துக்குப் பிறகு அடங்கிவிடுவான். வக்கீல் இதைக் குடி என்றும் அஜீரணம் என்றும் விளக்கிவிட்டு, ஒருவனுடைய முறை முடியும்போது இன்னொருவனுடைய முறை தொடங்குவது தமக்குச் சௌகரியம் என்று நினைத்துக்கொள்கிறார். தொழிலாளியின் மனத்துக்கு நேர்வதை அவனுடைய வயிற்றின் குற்றமாகப் பார்ப்பது முதலாளியின் பார்வை. மெல்வில் இதை எங்கும் விமர்சிப்பதில்லை. வக்கீலைப் பேசவிடுகிறார், அவ்வளவுதான்.

பார்ட்டில்பி வருகிறான். அவனுக்கு மறைப்புத் தட்டிக்குப் பின்னால், எதிர்ச்சுவரைப் பார்க்கும் ஜன்னலருகே இடம். ஒரு நாள், பணிவோடு, ஒரு வேலையைச் செய்ய விருப்பமில்லை என்கிறான். பிறகு எல்லா வேலையையும். இந்த மறுப்பைப் பற்றி எழுதப்பட்டது ஏராளம். நான் கவனிக்க விரும்புவது வேறு: சில நாட்களில் அவனுடைய அந்த வினைச்சொல் ஆபீஸ் முழுவதும் தொற்றிவிடுகிறது. சக குமாஸ்தாக்கள் தங்களை அறியாமல் அதைப் பேச்சில் பயன்படுத்துகிறார்கள். வக்கீலே பயன்படுத்துகிறார், திடுக்கிடுகிறார். ஓர் அறைக்குள் எட்டு மணி நேரம் சேர்ந்திருப்பவர்களிடையே மனநிலை எப்படிப் பரவுகிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான சாட்சியம் நான் படித்ததில்லை.

காஃப்கா 1908 முதல் 1922 வரை பிராகில் தொழிலாளர் விபத்து இன்ஷூரன்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். மரம் இழைக்கும் இயந்திரங்களில் விரல் போவதைத் தடுப்பது எப்படி என்று அறிக்கை எழுதியவர். 'உருமாற்றம்' (1915) கதையில் கிரெகோர் சம்ஸா பூச்சியாக எழுந்ததும் அவனுடைய பெரிய கவலை பூச்சியானது அல்ல. ஐந்து மணி ரயிலைத் தவற விட்டது. சிறிது நேரத்திலேயே கம்பெனியின் தலைமைக் குமாஸ்தா வீட்டுக்கே வந்துவிடுகிறார். ஆபீஸ் வீட்டுக்குள் வருவதற்கு ஒரு காலைத் தாமதம் போதும். பிற்பகுதியில் கிரெகோரின் அப்பா பாங்கில் சேவகர் வேலைக்குப் போகிறார். கொடுத்த சீருடையை வீட்டிலும் கழற்ற மறுக்கிறார். அதோடேயே நாற்காலியில் தூங்குகிறார், மேலதிகாரி எந்த நேரமும் கூப்பிடலாம் என்பது போல. சீருடை அழுக்கேறுகிறது, பித்தான்கள் மட்டும் பளபளக்கின்றன. அது வரை தளர்ந்து கிடந்த கிழவருக்குச் சீருடை வந்த பிறகுதான் மகன்மேல் ஆப்பிளை வீசி அடிக்கும் பலம் வருகிறது. இதைக் குறியீடு என்று ஒதுக்க வேண்டாம். சின்ன அதிகாரம் கிடைத்த மனிதரை வீட்டில் வைத்திருக்கும் யாருக்கும் இது யதார்த்தம்.

3

தமிழில் பெரும்பாலான கதைகளில் ஆபீஸ் என்பது பாத்திரங்கள் கதைக்கு வெளியே போய்விட்டு வரும் இடம். கதாநாயகன் ஆபீஸிலிருந்து திரும்பியதும் கதை தொடங்கும். என்ன வேலை என்பது ஒரு வாக்கியம். சம்பளம் போதவில்லை என்பது இன்னொரு வாக்கியம். வறுமை வரும், வேலை வராது.

புதுமைப்பித்தன் விதிவிலக்கு. ஆனால் அவருடைய விதிவிலக்கை நாம் சரியாகப் படிக்கவில்லை. 'செல்லம்மாள்' கதையைத் தமிழின் உன்னதமான தாம்பத்தியக் கதை என்கிறோம்; சரிதான். பிரமநாயகம் பிள்ளை சென்னையில் ஒரு ஜவுளிக் கடைச் சிப்பந்தி என்பதை வறுமைக்கான பின்னணித் தகவலாக மட்டும் எடுத்துக்கொள்கிறோம். எனக்கு அது பின்னணியாகத் தெரியவில்லை. நோயாளி மனைவியிடம் அவர் காட்டும் அந்த ஓசையில்லாத பொறுமை, முகம் சுளிக்காத பதில்கள், கேட்டதை எடுத்துப் போட்டு வேண்டாம் என்றதை மடித்து வைக்கும் நிதானம் எல்லாம் எங்கே பயின்றவை? கடைத் திண்டின் பின்னால் பயின்றவை. பண்டிகைக்கு அவர் கடையிலிருந்து சேலைகளை எடுத்துவந்து அவளிடம் காட்டும் கட்டத்தில், கடையும் வீடும் ஒரே செய்கையில் ஒட்டிக்கொள்கின்றன. மரணத்துக்குப் பிறகும் அவர் ஒவ்வொரு காரியமாகச் செய்து முடிக்கிறார். அழுகை இல்லை.

இப்படிச் சொல்வதால் அவருடைய அன்பு குறைந்துவிடுவதில்லை. அன்பு ஏதாவது ஒரு வடிவத்தில்தான் வெளிப்பட முடியும். பிழைப்பு பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்த வடிவம் இது ஒன்றே. வேலை கொடுத்த உடம்பையும் குரலையும் கொண்டுதான் அவர் மனைவியை நேசிக்க வேண்டியிருக்கிறது. முதலாளிக்கு விற்ற பொறுமையில் மிச்சம் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவருகிறார். இதைப் பார்த்தால்தான் அந்தக் கதையின் குரூரமும் முழுமையும் பிடிபடும். தாம்பத்தியம் என்று மட்டும் படித்தால் பாதிக் கதை.

4

அசோகமித்திரன் 1952 முதல் 1966 வரை ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்தார். அந்த வருஷங்களைப் பற்றிப் பின்னால் ஆங்கிலத்தில் எழுதிய நினைவுக் கட்டுரைகளை, வேலையிட மனநிலை பற்றிய ஆவணமாகவே வாசிக்கலாம். ஸ்டூடியோவின் ஒப்பனை இலாகாவில் கறாரான வரிசை இருந்தது. தலைமை ஒப்பனைக்காரர் கதாநாயகன், கதாநாயகியின் முகத்துக்கு. அவருடைய மூத்த உதவியாளர் இரண்டாம் கதாநாயகன், கதாநாயகிக்கு. இளைய உதவியாளர் காமெடியனுக்கு. கூட்டத்தில் நிற்பவர்களுக்கு ஆபீஸ் பையன். பெயர்தான் பையன், வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. பெரிய நடிகராகவோ டைரக்டராகவோ ஆகும் கனவோடு ஸ்டூடியோவுக்குள் வந்தவர்.

அசோகமித்திரனுடைய வேலை பத்திரிகைச் செய்திகளை வெட்டிச் சேர்த்து வைப்பது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அவர் நாள் முழுவதும் காகிதம் கிழித்துக்கொண்டிருப்பதாகத் தோன்றும். ஆகவே, சும்மா இருக்கிறவர் என்று நினைத்து ஒவ்வொருவரும் அவர் அறைக்குள் நுழைந்து உபதேசம் செய்துவிட்டுப் போவார்கள். ஆபீஸ் பையனும் வந்து தன் திறமை வீணாவதைச் சொல்லுவார். அவருடைய கசப்பு முழுவதும் ஒரே ஆள் மீது, கொத்தமங்கலம் சுப்பு மீது, குவிந்திருந்தது. வாசனுக்கு அடுத்த இடத்தில் இருந்தவர் சுப்பு. எந்தச் சிக்கலுக்கும் உடனே பத்து வழி சொல்லக்கூடியவர், எப்போதும் உற்சாகமானவர்.

இங்கே கவனிக்க வேண்டியது கசப்பின் திசை. இலாகா முழுவதையும் அடுக்கி வைத்த ஏற்பாட்டின் மேல் ஆபீஸ் பையனுக்குக் கோபம் வருவதில்லை. முதலாளி மேலும் வருவதில்லை. முதலாளிக்குப் பக்கத்தில் நிற்பவன் மேல்தான் வருகிறது. அமைப்புக்கு முகமில்லை; முதலாளியின் முகத்தைப் பார்த்துக் கோபப்படுவது பிழைப்புக்கு ஆபத்து. ஆகவே கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும் ஒருவனைத் தேடி வன்மம் உட்காருகிறது. நம் ஆபீஸ்களில் யாருக்கு யார் மேல் வெறுப்பு என்று பட்டியல் போட்டால் அந்தப் பட்டியல் பெரும்பாலும் இப்படித்தான் அமையும்.

'புலிக்கலைஞன்' கதையும் இந்த அனுபவத்திலிருந்து வந்ததுதான். அதைக் காதரின் கதையாக, வாய்ப்புக் கிடைக்காத கலைஞனின் கதையாக வாசிக்கிறோம். ஆனால் கதை நடக்கும் இடம் வேலையில்லாமல் மின்விசிறியின் கீழ் உட்கார்ந்திருக்கும் ஒரு கதை இலாகா. அங்கே இருப்பவர்களுக்குச் சம்பளம் உண்டு, அதிகாரம் இல்லை. காதர் புலியாக மாறும்போது அவர்கள் பயப்படுகிறார்கள், வியக்கிறார்கள். முடிந்ததும் அவனுக்குக் கொடுக்க அவர்களிடம் கடிதம் போடுகிறோம் என்ற சொல்லைத் தவிர ஒன்றுமில்லை. அந்தச் சொல் பொய் அல்ல. அதை நிறைவேற்றும் சக்தி இல்லாதவனுடைய நல்லெண்ணம். ஆபீஸ் ஒரு மனிதனிடம் வளர்க்கும் விசேஷமான குணம் இது: இரக்கம் இருக்கும், அதன் கை மட்டும் வெட்டப்பட்டிருக்கும்.

'கரைந்த நிழல்கள்' இதே நியாயத்தை ஒரு நாவல் முழுவதற்கும் விரிக்கிறது. மையப் பாத்திரம் இல்லாத நாவல் என்று இதை உருவச் சோதனையாகப் பேசினோம். அது வேலையிடத்தின் உருவம் என்பதைப் பேசவில்லை. முதலில் நம் முழுக் கவனத்திலும் நிற்கும் புரொடக்ஷன் மானேஜர் நடராஜன் பின்னால் ஓரத்துக்குப் போய்விடுகிறார். நாவல் அவருக்காக நிற்பதில்லை. சினிமாக் கம்பெனியும் நிற்காது. ஆட்கள் மாறுவார்கள், வேலை நடக்கும். இந்த உருவத்தை மேல்நாட்டு உத்தியாகப் பார்த்தது நம் பழக்கதோஷம்.

5

1983-ல் ஆர்லி ஹோக்ஷீல்ட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஒரு நூல் எழுதினார். ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது விமானப் பணிப்பெண்களையும் கடன் வசூலிப்பவர்களையும். உடல் உழைப்பு, மூளை உழைப்பு போல 'உணர்ச்சி உழைப்பு' என்று ஒன்று இருக்கிறது என்பது அவர் வாதம். பணிப்பெண்கள் விமானத்தைத் தங்கள் வீட்டுக் கூடமாகவும் பிரயாணிகளை விருந்தாளிகளாகவும் நினைத்துக்கொள்ளப் பயிற்றுவிக்கப்பட்டார்கள். உதட்டால் மட்டும் சிரித்தால் போதாது; உள்ளேயும் அப்படி உணர வேண்டும். கடன் வசூலிப்பவனுக்கு நேரெதிர்ப் பயிற்சி: எதிராளியின் மேல் சந்தேகமும் கடுமையும் நிஜமாகவே வரவேண்டும். அன்றைய அமெரிக்கத் தொழிலாளர்களில் சுமார் மூன்றில் ஒருவர், பெண்களில் சுமார் பாதிப் பேர், இத்தகைய உழைப்பு கோரும் வேலைகளில் இருப்பதாக அவர் கணித்தார். கோகோலின் முக்கியப் புள்ளி தனியறையில் பார்த்த கண்ணாடியை, கம்பெனி இப்போது தன் செலவில் எல்லோருக்கும் மாட்டிக்கொடுத்திருக்கிறது.

இதை வைத்துக்கொண்டு ஆதவனைப் படிக்கலாம். 1987-ல் காலமான ஆதவன் முகமூடிகளை எழுதியவர். தில்லி அலுவலகங்களில் மேலதிகாரிக்கு ஒரு முகம், சகாவுக்கு ஒரு முகம், பஸ் வரிசையில் ஒரு முகம் என்று மாற்றி மாற்றி அணிபவர்களை அவரைப் போலத் துருவியவர் தமிழில் வேறு யாருமில்லை. ஆனால் அவருடைய கேள்வி எப்போதும் முகமூடிக்குப் பின்னால் நிஜ முகம் இருக்கிறதா என்பதாகவே இருந்தது. இந்த முகமூடிக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்ற கேள்வியை ஓரளவுக்கு மேல் அவர் தொடரவில்லை. அதனால் அவருடைய பாத்திரங்களின் பாசாங்கு சில இடங்களில் அவர்களுடைய சுபாவக் குறையாகச் சுருங்கிவிடுகிறது. பாசாங்கு என்பது பல சமயம் வேலைக்கான தகுதி.

பிரமநாயகம் பிள்ளையின் வாரிசுகள் இன்று தியாகராய நகரின் பல மாடி ஜவுளிக் கடைகளில் நிற்கிறார்கள். நிற்கிறார்கள் என்பதை அப்படியே பொருள் கொள்ள வேண்டும். கடை ஊழியர்களுக்கு உட்கார இடம் தரவேண்டும் என்று கேரளம் 2018-லும் தமிழ்நாடு 2021-லும் சட்டம் செய்யவேண்டி வந்தது. 2010-ல் வந்த 'அங்காடித் தெரு' என்ற சினிமா இந்த நிற்பதைக் காட்டியது. நம் கவிதை காட்டியதா? வாடிக்கையாளர் கைப்பேசியில் அழுத்தும் நட்சத்திரங்களைக் கொண்டு தன் அன்றைய கூலியும் மரியாதையும் நிச்சயிக்கப்படும் சாப்பாடு கொண்டுவரும் பையனின் முகத்தில், கதவு திறக்கும் கணத்தில், ஒரு சிரிப்பு வருகிறது. அந்தச் சிரிப்பில் எவ்வளவு பயம், எவ்வளவு பழக்கம், எவ்வளவு நிஜம் என்று பிரித்துச் சொல்லக்கூடிய கதை எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

6

முற்போக்கு முகாம் இந்தக் கட்டுரையைப் படித்தால், இதைத்தானே நாங்கள் முதலிலிருந்து சொல்கிறோம் என்று சொல்லக்கூடும். இல்லை. ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' (1953) முதல், தோல் பதனிடும் தொழிலாளர்களைப் பற்றிய டி. செல்வராஜின் 'தோல்' (2010) வரை, தொழிலாளியை எழுதியது அந்த மரபுதான். அந்தப் பெருமையை யாரும் பிடுங்க முடியாது. ஆனால் அந்த மரபின் சராசரிக் கதையில் தொழிலாளிக்கு ஒரே ஓர் உணர்ச்சிதான் உண்டு: கோபம். முதலில் அடங்கிய கோபம், முடிவில் வெடித்த கோபம். தறியில் உட்காருபவனுக்குத் தன் கைத்திறனில் உள்ள கர்வம், மேஸ்திரியிடம் உள்ள பயம் கலந்த பாசம், பக்கத்துத் தறிக்காரனிடம் பொறாமை, இவையெல்லாம் வர்க்க உணர்வுக்கு இடைஞ்சல் என்று வெளியே நிறுத்தப்பட்டன. நவீனத்துவ முகாமோ தன் குமாஸ்தாவுக்கு எல்லா நுட்பங்களையும் கொடுத்தது, அவனுடைய வேலையை மட்டும் எடுத்துவிட்டது. ஒரு பக்கம் வேலை உண்டு, மனம் இல்லை. மறு பக்கம் மனம் உண்டு, வேலை இல்லை.

இந்தப் பிரிவினையில் ஜாதிக்கும் பங்குண்டு. வெறுமையை அனுபவிக்கும் உரிமை மேஜையில் உட்கார்ந்தவனுக்குத்தான் இருந்தது. அதே ஆபீஸைக் கூட்டுபவளுக்கும் கக்கூஸ் கழுவுபவனுக்கும் வறுமை மட்டுமே அனுமதிக்கப்பட்டது. அவர்களுக்கும் சலிப்பு வரும் என்று எந்தக் கவிதையும் சந்தேகப்படவில்லை.

பாமாவின் 'கருக்கு' (1992) இந்த இடத்தில் எனக்கு முக்கியமாகிறது. அதைத் தலித் சுயசரிதை என்று வகைப்படுத்தி வாசித்து முடித்துவிட்டோம். அதன் கணிசமான பகுதி ஒரு நிறுவனத்துக்குள், கன்னியர் மடத்துக்குள், ஒருத்தி எடுத்துக்கொண்ட பயிற்சியையும் வேலையையும் பற்றியது. கீழ்ப்படிதல் அங்கே விதி மட்டுமல்ல, உணர்ச்சியாகவே ஆகவேண்டியது. உள்ளே எரியும்போது அடக்கமாக இருப்பது புண்ணியம். ஏழைகளுக்குச் சேவை என்று நம்பி வந்தவள், வசதியான பிள்ளைகளுக்குச் சேவை செய்துகொண்டு, தன் ஜாதியை மற்றவர்கள் பேசும் விதத்தைக் கேட்டுக்கொண்டு இருக்க வேண்டியிருக்கிறது. அங்கிருந்து வெளியே வந்தவளுக்கு மடம் கற்றுக்கொடுத்த சுத்தமான மொழியில் இதைச் சொல்ல முடியாது. ஊர்ப் பேச்சில் சொல்கிறாள். அந்த நடை வட்டார வழக்கின் அலங்காரமல்ல. வேலை தந்த குரலைக் கழற்றிப் போடும் செய்கை. கிரெகோரின் அப்பா கழற்ற மறுத்த சீருடையை இவள் கழற்றினாள் என்று சொன்னால் மிகையாகாது.

7

நமது சிறு பத்திரிகைகள் யாருடைய பணத்தில் நடந்தன? பெரும்பாலும் மாதச் சம்பளத்தில். தி. ஜானகிராமன் பள்ளிக்கூடத்திலும் பிறகு ரேடியோவிலும், லா.ச.ரா. பாங்கிலும், நகுலன் கல்லூரியிலும் வேலை பார்த்தார்கள். சுந்தர ராமசாமி ஜவுளிக் கடை நடத்தினார். க.நா.சு.வைப் போல உத்தியோகமே வேண்டாம் என்று இருந்தவர்கள் சொற்பம். இந்த இதழைப் படிக்கப்போகும் சுமார் இருநூறு பேரில் பெரும்பாலோர் எங்கோ கையெழுத்துப் போட்டுவிட்டு, இப்போது கட்டைவிரல் வைத்துவிட்டு, நாளைத் தொடங்குபவர்கள்தான். மூன்று நாள் தாமதத்துக்கு ஒரு நாள் கேஷுவல் லீவ் போகும் என்று தெரிந்தவர்கள். மெமோ வாங்கியவர்கள், மெமோ எழுதியவர்கள். மேலதிகாரியின் அறைக் கதவைத் தட்டும்போது தன் குரல் மாறுவதைத் தானே கேட்டவர்கள்.

ஆனால் நாம் ஆபீஸை எழுத்தின் எதிரியாக மட்டுமே பாவித்தோம். அங்கே போவது பிழைப்பு, இங்கே எழுதுவது வாழ்க்கை என்று பிரித்தோம். இந்தப் பிரிவில் ஒரு சுயகௌரவம் இருந்ததை மறுக்கவில்லை. எட்டு மணி நேர அவமானத்துக்குப் பிறகு ஒருவன் தனக்கென்று ஓர் அறையை வைத்துக்கொள்வது நியாயம். ஆனால் அதற்குக் கொடுத்த விலை என்ன? பகலில் நேர்ந்த சிறுமை இரவில் கவிதையாக வரும்போது அதன் காரணம் அழிந்து, பிரபஞ்சத்தின் வெறுமையாக வந்தது. சூப்பரின்டெண்டெண்ட் விழுங்கவைத்த ஒரு வார்த்தை, கடவுளின் மௌனம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஊர் பெயர் இல்லாத, தேதி இல்லாத துக்கங்கள் நம்மிடம் நிறையச் சேர்ந்துவிட்டன. அவை ஒன்றையொன்று ஒத்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆபீஸ் கதைகள் எழுதுங்கள் என்று நான் கேட்கவில்லை. அப்படி ஒரு வகை தோன்றினால் அதுவும் ஆறு மாதத்தில் சூத்திரமாகிவிடும். கேட்பது இவ்வளவுதான்: ஒரு கவிதையில் கை நடுங்கினால் அந்தக் கை பகலில் என்ன செய்தது என்பது கவிஞனுக்காவது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தால் அது எங்காவது, ஒரு சொல்லின் தேர்விலாவது, வாசகனுக்கும் தெரியும். வெறுமைக்கும் ஒரு முகவரி உண்டு. விமர்சகன் இனிமேல் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.